லினக்ஸ் சர்வரிலிருந்து டிஸ்க் கழல மறுத்தால்: படிப்படியான முழு வழிகாட்டி

டிஸ்க்கை ஃபோல்டரிலிருந்து இறக்கும் யூமவுண்ட் கட்டளையைக் கொடுத்தால் ‘டார்கெட் இஸ் பிஸி’ என்கிறது. பல வழிகளில் வரும் டிஸ்க்கை ஒன்றாகக் காட்டும் மல்ட்டிபாத்தை நீக்கப் போனால் ‘மேப் இன் யூஸ்’ என்கிறது. இந்த இரண்டு வரிகளைப் பார்த்ததும் புதிதாக வருபவர்கள் கட்டாயப்படுத்த ஏதாவது ஆப்ஷன் உண்டா என்று தேடத் தொடங்குகிறார்கள். தயவுசெய்து அங்கே போகாதீர்கள். அந்த வரிகளுக்கு ஒரே பொருள்தான்: டிஸ்க்கை யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். யார் என்று கண்டுபிடித்து விடுவித்துவிட்டால் டிஸ்க் சத்தமில்லாமல் கழன்றுவிடும்.

நான் எடுத்துக்கொள்வது மிகவும் பரவலான ஓர் அமைப்பு. சான் ஸ்டோரேஜிலிருந்து, அதாவது பல சர்வர்களுக்கு நெட்வொர்க் வழியாக டிஸ்க் கொடுக்கும் பெட்டியிலிருந்து, ஃபைபர் சேனல் இணைப்பு வழியாக ஒரு லன் (சர்வருக்கு ஒதுக்கிய டிஸ்க்) வருகிறது. அது நான்கு பாத்களாக (வழிகளாக), எஸ்டிசி முதல் எஸ்டிஎஃப் வரை, சர்வரில் தெரிகிறது. நான்கையும் சேர்த்து எம்பாத்பி என்ற மல்ட்டிபாத் சாதனம். அதன் மேல் டிஸ்க் இடத்தைப் பிரித்துத் தரும் எல்விஎம், அதன் மேல் எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம், அது /டேட்டா என்று மவுண்ட் ஆகியிருக்கிறது. உங்களிடம் மல்ட்டிபாத் இல்லையென்றால் 6-ஆம் படியைத் தாண்டிப் போகலாம். கட்டளைகளை உச்சரிப்பது போலவே எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் அதன் மேன் பக்கத்தை (லினக்ஸின் உதவிக் குறிப்பை)ப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் அந்த லன்னின் டபிள்யூடபிள்யூஐடி, அதாவது அதன் மாறாத அடையாள எண். ‘மல்ட்டிபாத் -எல்எல்’ கொடுத்தால் எம்பாத்பி என்ற பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் வரும் நீண்ட எண் அதுதான். ஸ்டோரேஜ் குழுவிடம் பேசும்போது இந்த எண்ணை மட்டும் பயன்படுத்துங்கள். எஸ்டிசி என்ற பெயர் உங்கள் சர்வர் கொடுத்தது. ரீபூட் ஆனால் மாறிவிடலாம், அவர்களுடைய திரையிலும் அது இருக்காது.

அந்த வெளியீடு முழுவதையும் ஒரு ஃபைலில் சேமித்துவிடுங்கள். எந்தெந்த பாத், எந்த லன் எண் என்ற விவரமெல்லாம் அதில் இருக்கிறது. 6-ஆம் படியில் மேப் போனதும் அந்தப் பட்டியலும் போய்விடும். ஆனால் அந்த ஃபைலை /டேட்டாவிலேயே சேமிக்காதீர்கள். சேமித்துவிட்டு, அதை ‘லெஸ்’ஸில் திறந்து வைத்துக்கொண்டு, ஏன் பிஸி என்று அரை மணி நேரம் தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து பேக்கப். எடுத்திருக்கிறார்கள் என்பது போதாது, அதிலிருந்து ஒரு ஃபைலையாவது திரும்ப எடுத்துப் பாருங்கள்.

மெமரி நிலவரத்தையும் பார்க்க வேண்டும். ‘விஎம்ஸ்டாட் 1 100’ ஓடவிட்டால் நொடிக்கு ஒன்றாக நூறு வரிகள் வரும். அவற்றில் பத்துக்கு மேற்பட்ட வரிகளில் காலி மெமரி மொத்தத்தில் 5 சதவீதத்துக்குக் கீழே போனாலோ, ஸ்வாப் (மெமரி போதாதபோது பயன்படும் டிஸ்க் இடம்) உள்ளே வெளியே என்று ஓடிக்கொண்டிருந்தாலோ இப்போது கை வைக்காதீர்கள். டிஸ்க்கைக் கழற்றும்போது மெமரியில் நிற்கும் டேட்டாவை எழுதி முடிக்க வேண்டும். ஏற்கெனவே மூச்சு முட்டும் சர்வரில் அது பெரிய சுமை.

கடைசியாக ஒரு போன். ஸ்டோரேஜ் குழுவை அழைத்து, நான் சொல்லும் வரை அன்மேப் செய்ய (லன்னைச் சர்வரிடமிருந்து எடுக்க) வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மாற்றத்துக்கான டிக்கெட்டில் இரவு 11 மணி என்று போட்டிருந்தால், அவர்கள் சரியாக 11 மணிக்கு அன்மேப் செய்துவிடுவார்கள். நீங்கள் அப்போது 3-ஆம் படியில் நிற்பீர்கள். நான் பார்த்த பெரிய விபத்துகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கின.

2. வரிசையைக் கண்ணால் பாருங்கள், பிறகு எஃப்எஸ்டேபைத் திருத்துங்கள்

‘எல்எஸ்பிஎல்கே’ கொடுங்கள். எஸ்டிசியின் கீழ் எம்பாத்பி, அதன் கீழ் எல்வி (எல்விஎம் பிரித்துக் கொடுத்த பகுதி), கடைசியில் /டேட்டா என்று மரம் போலத் தெரியும். கழற்றுவது இந்த மரத்தின் நுனியிலிருந்து: மவுண்ட், எல்விஎம், மல்ட்டிபாத், பாத், கடைசியாக ஸ்டோரேஜ். ஒவ்வோர் அடுக்கும் தான் எதன் மீது நிற்கிறதோ அதைத் திறந்து பிடித்திருக்கிறது, அதனால்தான் இந்த வரிசை. நடுவில் ஒன்றை உருவினால் அதன் மீது நிற்பவை அந்தரத்தில் தொங்கும்.

யூமவுண்டுக்கு முன்பே, பூட் ஆகும்போது எதையெல்லாம் மவுண்ட் செய்வது என்று பட்டியலிடும் /ஈடிசி/எஃப்எஸ்டேப் ஃபைலில் அந்த வரியை கமென்ட் செய்துவிட்டு ‘சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்’ கொடுங்கள். தானாக மவுண்ட் செய்யும் ஆட்டோஎஃப்எஸ் அமைப்பில் இருந்தால் அங்கேயும் எடுங்கள். நீங்கள் கழற்றிக்கொண்டிருக்கும்போது வேறொருவர் ‘மவுண்ட் -ஏ’ அடித்தால் அது மறுபடி ஏறிவிடும். வேலை முடிந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால் மறந்துபோகும். அடுத்த ரீபூட்டில், சர்வீஸ்களை இயக்கும் சிஸ்டம்டி, அங்கே இல்லாத டிஸ்க்குக்காக 90 நொடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும். அது மூன்று மாதம் கழித்து, வேறொருவர் இரவுப் பணியில் இருக்கும்போது நடக்கும்.

3. பிடித்திருப்பது யார்?

நேரத்தைச் செலவிட வேண்டிய இடம் இது.

முதலில் அப்ளிகேஷனை முறைப்படி நிறுத்துங்கள். டேட்டாபேஸ் என்றால் அதன் சொந்த ஷட்டவுன், சர்வீஸ் என்றால் ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப்’. ப்ராசஸைக் ‘கில்’ செய்தால் சிஸ்டம்டி அடுத்த நொடியே புதிதாக ஒன்றைக் கிளப்பிவிடலாம். நீங்கள் கொல்லக் கொல்ல புதிய பிஐடி (ப்ராசஸ் எண்) வந்துகொண்டே இருக்கும்.

பிறகு ‘ஃபியூசர் -விஎம் /டேட்டா’. வரும் பட்டியலில் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் பக்கத்தில் ஒரு எழுத்து இருக்கும். சி என்றால் அந்த ப்ராசஸ் அந்த ஃபோல்டருக்குள் நிற்கிறது. பெரிய எஃப் என்றால் ஒரு ஃபைலை எழுதுவதற்காகத் திறந்திருக்கிறது. ஈ என்றால் அங்கிருந்து ஒரு ப்ரோகிராம் ஓடுகிறது. எம் என்றால் ஃபைலை மெமரியில் மேப் செய்திருக்கிறது. இந்த எழுத்தைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். சி போட்ட பேஷ் (கட்டளை அடிக்கும் ஷெல்) ஒன்று இருந்தால் அது பெரும்பாலும் உங்களுடையதேதான்: ‘சிடி /டேட்டா’ போட்டு உள்ளே நின்றுகொண்டே கழற்றப் பார்க்கிறீர்கள். இன்னொரு டெர்மினலில், ஸ்க்ரீன் அல்லது டிமக்ஸ் செஷனில் மறந்து விட்டதாகவும் இருக்கலாம். பெரிய எஃப் வந்தால் கவனம், யாரோ இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

‘ஃபியூசர் -கேஎம்’ பற்றி ஓர் எச்சரிக்கை. அது பட்டியலில் உள்ள எல்லா ப்ராசஸையும் ஒரே அடியில் கொன்றுவிடும். அதைவிட மோசம், நீங்கள் கொடுத்த ஃபோல்டர் அப்போது மவுண்ட் பாயின்ட்டாக இல்லையென்றால், அது எந்த ஃபைல் சிஸ்டத்தில் இருக்கிறதோ அதைப் பயன்படுத்தும் எல்லோரையும் கொல்லும். அதாவது ரூட் ஃபைல் சிஸ்டத்தில் உள்ள அத்தனையும். கட்டாயம் பயன்படுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் பெரிய எம் ஆப்ஷனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மவுண்ட் பாயின்ட் இல்லையென்றால் அது எதுவும் செய்யாமல் நின்றுவிடும்.

அழித்துவிட்ட ஃபைல்களும் பிடித்திருக்கும். லாக் ஃபைலை ‘ஆர்எம்’ செய்திருப்பார்கள், ஆனால் அதைத் திறந்த ப்ராசஸ் இன்னும் ஓடும். ‘எல்எஸ்ஓஎஃப் +ஏஎல்1 /டேட்டா’ (சின்ன ஏ, பெரிய எல்) இப்படிப்பட்ட பேய்களைக் காட்டிக்கொடுக்கும். பேக்கப் ஏஜென்ட், ஆன்டிவைரஸ், மானிட்டரிங் ஏஜென்ட் ஆகிய மூன்றையும் தனியாகச் சரிபாருங்கள். அப்ளிகேஷன் குழு தங்களுடையதை நிறுத்திவிட்டோம் என்று சொல்லும்போது இவை அவர்களுடைய கணக்கிலேயே இருக்காது.

சரி, ஃபியூசர் எந்த ப்ராசஸையும் காட்டவில்லை, ஆனாலும் பிஸி என்றே வருகிறது. அப்போது பிடித்திருப்பது ப்ராசஸ் அல்ல, லினக்ஸின் மையமான கர்னல். இந்த வரிசையில் பாருங்கள்.

‘ஃபைண்ட்மவுண்ட் -பெரிய ஆர் /டேட்டா’: /டேட்டாவுக்குள்ளேயே இன்னொரு மவுண்ட் இருக்கிறதா? /டேட்டா/பேக்கப் என்று வேறொரு டிஸ்க் ஏறியிருந்தால் அதை முதலில் இறக்க வேண்டும்.

‘ஸ்வாப்ஆன் --ஷோ’: யாராவது அவசரத்துக்கு அங்கே ஒரு ஸ்வாப் ஃபைல் போட்டிருக்கலாம். ‘ஸ்வாப்ஆஃப்’ கொடுப்பதற்கு முன் அதில் உள்ளது ரேமில் கொள்ளுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

‘லாஸெட்டப் -ஏ’: ஐஎஸ்ஓ ஃபைலை லூப் சாதனமாக மவுண்ட் செய்திருந்தால் இங்கே தெரியும். இன்ஸ்டாலேஷன் ஐஎஸ்ஓக்களை டேட்டா டிஸ்க்கில் போட்டு வைப்பது எல்லா ஊரிலும் உண்டு.

‘எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -வி’: /டேட்டாவை என்எஃப்எஸ் வழியாக வேறு சர்வர்களுக்குக் கொடுத்திருந்தால், கர்னலில் ஓடும் என்எஃப்எஸ் சர்வர் அதைப் பிடித்திருக்கும். ஃபியூசர் கண்ணில் அது படாது. முதலில் கிளையன்ட் சர்வர்களில் யூமவுண்ட் செய்யச் சொல்லிவிட்டு, பிறகு இங்கே ‘எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -யூ’ கொடுங்கள். தலைகீழாகச் செய்தால் அந்தப் பக்கம் ‘ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்’ என்று கூக்குரல் வரும்.

4. யூமவுண்ட் ஆனது உண்மைதானா?

ஒரு நாள் என்னுடன் வேலை செய்த தம்பி ஒருவர் வந்து, “அண்ணே, யூமவுண்ட் ஆயிடுச்சு, ஸ்டோரேஜ்ல சொல்லிடவா?” என்றார். எப்படி ஆனது என்று கேட்டேன். பிஸி என்று வந்ததாம், ‘-எல்’ சேர்த்துக் கொடுத்தாராம், உடனே ஆகிவிட்டதாம். மவுண்ட் ஆனவற்றைக் காட்டும் டிஎஃப் வெளியீட்டிலும் /டேட்டா இல்லை. பார்த்தால் முடிந்தது போலத்தான் இருந்தது.

‘-எல்’ என்பது லேஸி யூமவுண்ட். அது அந்த மவுண்டைக் கண்ணிலிருந்து மறைக்கிறது, அவ்வளவுதான். ஏற்கெனவே ஃபைல் திறந்து வைத்திருக்கும் ப்ராசஸ் தொடர்ந்து எழுதிக்கொண்டே இருக்கும். கடைசி ஆள் விடும் வரை ஃபைல் சிஸ்டம் உயிரோடுதான் இருக்கும். இப்போது பாதை இல்லாததால் முன்பு போல ஃபியூசருக்கு /டேட்டா என்று கொடுத்துத் தேடவும் முடியாது. பிரச்சினை அப்படியே இருக்க, அதைக் காட்டும் விளக்கை மட்டும் அணைத்துவிட்டோம். அன்று நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து, /ப்ராக் அடியில் ஒவ்வொரு ப்ராசஸும் திறந்திருக்கும் ஃபைல்களைக் காட்டும் எஃப்டி ஃபோல்டராகப் பார்த்து, ஒரு லாக் அனுப்பும் ஏஜென்ட்டைக் கண்டுபிடித்தோம். அதை நிறுத்திய மறுநொடி, கர்னல் லாகைக் காட்டும் ‘டிமெசேஜ்’ஜில் ‘அன்மவுண்டிங் ஃபைல்சிஸ்டம்’ என்ற வரி வந்தது. ஸ்டோரேஜில் முன்பே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை 9-ஆம் படியில் பாருங்கள்.

அதனால் யூமவுண்டுக்குப் பிறகு டிஎஃப்பை நம்பாதீர்கள். எல்விக்குக் கர்னல் கொடுத்த டிஎம் எண்ணைக் கண்டுபிடியுங்கள், டிஎம்-5 என்று வைத்துக்கொள்வோம். /சிஸ்/எஃப்எஸ்/எக்ஸ்எஃப்எஸ்/ அடியில் டிஎம்-5 என்ற ஃபோல்டர் இன்னும் இருந்தால் ஃபைல் சிஸ்டம் எங்கோ உயிரோடு இருக்கிறது. ஈஎக்ஸ்டி4 என்றால் அதே இடத்தில் ஈஎக்ஸ்டி4 என்ற ஃபோல்டரில் பாருங்கள். ஒரு நொடி வேலைதான், ஆனால் இதைச் செய்பவர்கள் குறைவு.

‘-எல்’ கொடுக்காமலே இப்படி ஆவதும் உண்டு. கன்டெய்னர்கள் ஓடும் சர்வரில், ஹோஸ்டின் முழு ரூட்டையும் தனக்குள் மவுண்ட் செய்துகொண்டு ஒரு மானிட்டரிங் கன்டெய்னர் இருக்கலாம். அதற்கென்று தனி மவுண்ட் நேம்ஸ்பேஸ், அதாவது தனி மவுண்ட் பட்டியல். ஹோஸ்டில் நீங்கள் யூமவுண்ட் செய்தது அதற்குத் தெரியாது. அதன் உள்ளே /டேட்டா இன்னும் ஏறியே இருக்கும். /ப்ராக் அடியில் எல்லா ப்ராசஸின் மவுண்ட்இன்ஃபோ ஃபைலிலும் அந்த எல்வியின் பெயரை ‘க்ரெப்’ செய்தால் எந்த பிஐடி என்று தெரிந்துவிடும். அந்தக் கன்டெய்னரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் போதும். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் அந்த மவுண்டுக்கு ‘ஆர்ஸ்லேவ்’ ப்ராபகேஷன் கொடுக்க வேண்டும், அப்போது ஹோஸ்டில் இறங்கியது உள்ளேயும் இறங்கும்.

5. எல்விஎம்மை இறக்குதல்

‘விஜிசேஞ்ச் -ஏஎன்’ கட்டளையுடன் வால்யூம் குரூப்பின் (எல்விகள் அடங்கிய தொகுப்பின்) பெயரைக் கட்டாயம் சேருங்கள். பெயர் இல்லாமல் கொடுத்தால் சர்வரில் பயன்பாட்டில் இல்லாத மற்ற எல்விகளையும் சேர்த்து அணைத்துவிடும்.

அந்த வால்யூம் குரூப் ஒரே லன்னில் இருக்கிறதா என்று ‘பிவிஎஸ்’ வைத்து முன்பே பார்த்திருக்க வேண்டும். நான்கு லன்களில் ஒன்றை மட்டும் எடுக்கிறீர்கள் என்றால் கதையே வேறு: ‘பிவிமூவ்’ வைத்து அதிலுள்ளதை மற்றவற்றுக்கு நகர்த்தி, ‘விஜிரெட்யூஸ்’, ‘பிவிரிமூவ்’ செய்ய வேண்டும். அதற்கு மணிக்கணக்கில் ஆகலாம். ஆனால் ஃபைல் சிஸ்டத்தை இறக்கவே தேவையில்லை.

எல்வி இறங்க மறுத்தால் ‘டிஎம்செட்டப் இன்ஃபோ -சி’ கொடுத்து ஓப்பன் என்ற பத்தியைப் பாருங்கள். அங்கே சுழியம் வரும் வரை யாரோ திறந்து வைத்திருக்கிறார்கள். /சிஸ்/பிளாக்/டிஎம்-5/ஹோல்டர்ஸ் ஃபோல்டரில் வேறு டிஎம் பெயர் ஏதாவது தெரிந்தால், மேலே இன்னோர் அடுக்கு இருக்கிறது, பெரும்பாலும் என்க்ரிப்ஷன். ‘கிரிப்ட்செட்டப் க்ளோஸ்’ கொடுத்தால் போய்விடும்.

கேவிஎம் ஹோஸ்ட் (விஎம்களை, அதாவது மெய்நிகர் சர்வர்களை ஓட்டும் சர்வர்) வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிப் பொறி. லன்னை அப்படியே விஎம்முக்குக் கொடுத்திருப்பீர்கள், விஎம் அதற்குள் தன் எல்விஎம்மைப் போட்டிருக்கும். ஹோஸ்ட் ரீபூட் ஆகும்போது அதன் எல்விஎம் எல்லா டிஸ்க்கையும் ஸ்கேன் செய்து, விஎம்முக்குச் சொந்தமான எல்வியைத் தானே ஆக்டிவேட் செய்துவிடும். பிறகு விஎம்மையே அழித்தாலும் லன் ‘மேப் இன் யூஸ்’ என்று நிற்கும். அந்த எல்வியை ‘எல்விசேஞ்ச் -ஏஎன்’ கொடுத்து அணையுங்கள். மறுபடி வராமல் இருக்க எல்விஎம் கான்ஃபிகில் குளோபல்_ஃபில்டர் எழுதி, ஹோஸ்டுக்குச் சொந்தமான டிஸ்க்குகளை மட்டும் அனுமதியுங்கள்.

6. மல்ட்டிபாத் மேப்பை நீக்குதல்

‘மல்ட்டிபாத் -எஃப் எம்பாத்பி’. சின்ன எஃப். பெரிய எஃப் கொடுத்தால் பயன்பாட்டில் இல்லாத எல்லா மேப்களும் போய்விடும், அந்த நேரத்தில் வேறொருவர் புதிதாகச் சேர்த்து இன்னும் மவுண்ட் செய்யாமல் வைத்திருக்கும் லன் உட்பட.

இன்னும் ‘மேப் இன் யூஸ்’ என்றால் ‘டிஎம்செட்டப் எல்எஸ் --ட்ரீ’ பாருங்கள். 5-ஆம் படியில் விட்டுப்போன ஏதோ ஒன்று அதில் தெரியும். லன்னில் பார்ட்டிஷன் போட்டிருந்தால் எம்பாத்பி1 என்று தனி மேப் இருக்கும். ‘கேபார்ட்எக்ஸ் -டி’ அதை எடுக்கும். டேட்டாபேஸ் நேரடியாக ரா சாதனமாக (ஃபைல் சிஸ்டம் இல்லாமல்) பயன்படுத்தியிருந்தால், மவுண்ட் பாயின்ட்டை விட்டுவிட்டு, /டெவ்/மேப்பர்/எம்பாத்பி மீதே ஃபியூசர் கொடுத்துப் பாருங்கள்.

7. பாத்களை ஒவ்வொன்றாக நீக்குதல்

மேப் போனாலும் எஸ்டிசி, எஸ்டிடி, எஸ்டிஈ, எஸ்டிஎஃப் நான்கும் இன்னும் கர்னலில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் முதலில் ‘பிளாக்டெவ் --ஃப்ளஷ்பஃப்ஸ்’, பிறகு /சிஸ்/பிளாக்/எஸ்டிசி/டிவைஸ்/டெலீட் ஃபைலில் 1 என்று ‘எக்கோ’ செய்யுங்கள்.

எக்கோ அடிக்கும் முன், 1-ஆம் படியில் சேமித்த பட்டியலைத் திறந்து, அந்த எஸ்டி பெயரின் டபிள்யூடபிள்யூஐடியை ‘எஸ்சிஎஸ்ஐ_ஐடி’ கொண்டு மறுபடி ஒப்பிடுங்கள். இந்தக் கட்டளை உங்களைத் திருப்பிக் கேள்வி கேட்காது. எஸ்டிஈ என்பதற்குப் பதில் எஸ்டிபி என்று கை தவறினாலும் அப்படியே நீக்கிவிடும். நான் நான்கு கட்டளைகளையும் முன்பே ஒரு ஃபைலில் எழுதி, இன்னொருவரைப் படிக்கச் சொல்லிவிட்டுத்தான் ஓட்டுவேன்.

ஸ்டோரேஜிலேயே எடுத்துவிடுவார்களே என்று இந்தப் படியைத் தாண்டுபவர்கள் நிறைய. பழைய பாத் கர்னலில் அப்படியே நிற்கும். பிறகு ஸ்டோரேஜ் குழு அதே லன் எண்ணில் வேறொரு லன்னைக் கொடுத்தால், பழைய எஸ்டிசி என்ற பெயரில் புதிய லன் வந்து உட்காரும். லன் ஒதுக்கீடு மாறிவிட்டது, நான் தானாக மாற்றிக்கொள்ள மாட்டேன் என்ற பொருளில் கர்னல் லாகில் ஓர் எச்சரிக்கை வரும். அதைக் கவனிக்காமல் விட்டால் தவறான டிஸ்க்கில் எழுத்து விழும்.

ஃபைபர் சேனலுக்குப் பதில் ஐஸ்கஸி (சாதாரண நெட்வொர்க் வழியாக லன் வரும் முறை) என்றால், டார்கெட்டை (ஸ்டோரேஜ் பக்க முனையை) முழுதாக லாக்அவுட் செய்யும் முன், அதே டார்கெட் வழியாக வேறு லன் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

8. இப்போதுதான் ஸ்டோரேஜ் குழுவுக்கு அழைப்பு

டபிள்யூடபிள்யூஐடியைச் சொல்லி அன்மேப் செய்யச் சொல்லுங்கள். அவர்கள் முடித்த பிறகு ஒருமுறை ரீஸ்கேன் செய்து, ‘எல்எஸ்பிஎல்கே’யில் எதுவும் திரும்ப வரவில்லை என்று உறுதி செய்யுங்கள். அன்மேப் ஆவதற்கு முன்பே ரீஸ்கேன் செய்துவிட்டால் நான்கு பாத்களும் மறுபடி வந்துவிடும், 5-ஆம் படியிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

‘மல்ட்டிபாத் -டபிள்யூ’ கொடுத்து டபிள்யூடபிள்யூஐடி ஃபைலிலிருந்தும் அந்த எண்ணை நீக்குங்கள்.

9. லன் முதலிலேயே பிடுங்கப்பட்டுவிட்டால்

மேலே மவுண்ட் இருக்கும்போதே கீழே லன் போய்விட்டது. அறிகுறி இப்படி இருக்கும்: சிபியூ சும்மா கிடக்கும், ஆனால் லோட் ஆவரேஜ் 40, 60 என்று ஏறும். லினக்ஸ் டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் ப்ராசஸ்களையும் லோடில் எண்ணுவதால் வருவது அது. ‘பிஎஸ்’ஸில் அவை டி என்ற நிலையில் தெரியும். ‘கில் -9’ அவற்றை ஒன்றும் செய்யாது, ஐஓ (டிஸ்க்கில் படிப்பது, எழுதுவது) திரும்பும் வரை சிக்னல் அவற்றை எட்டாது. ‘சிங்க்’ அடிக்காதீர்கள், ‘பிவிஎஸ்’, ‘எல்விஎஸ்’ அடிக்காதீர்கள். எல்லாம் போய் அதே வரிசையில் தொங்கும், கையில் இருக்கும் டெர்மினலும் போய்விடும்.

முதல் வழி, அதே லன்னை அதே எண்ணில் திரும்ப மேப் செய்யச் சொல்வது. டேட்டாவை ஸ்டோரேஜில் அழிக்காதவரை இது பெரும்பாலும் வேலை செய்யும். பாத்கள் திரும்பியதும் காத்திருந்த ஐஓ எல்லாம் ஓடி முடியும். அப்புறம் 3-ஆம் படியிலிருந்து நிதானமாக வரலாம்.

திரும்பக் கிடைக்காது என்றால், மல்ட்டிபாத்தின் காத்திருப்பை உடைக்க வேண்டும். ‘மல்ட்டிபாத் -எல்எல்’ வெளியீட்டில் ‘க்யூ இஃப் நோ பாத்’ என்று இருந்தால், எல்லா பாத்தும் போன பிறகும் அது ஐஓவைத் தேக்கி வைத்துக்கொண்டே இருக்கும். ‘டிஎம்செட்டப் மெசேஜ் எம்பாத்பி 0’ என்பதுடன் ‘ஃபெயில் இஃப் நோ பாத்’ சேர்த்துக் கொடுங்கள். இரண்டிலும் சொற்களுக்கு நடுவே அடிக்கோடு வரும். தேங்கிய ஐஓ எல்லாம் எரராகத் திரும்பும், எக்ஸ்எஃப்எஸ் தன்னை ஷட்டவுன் செய்துகொள்ளும், டி நிலையில் நின்ற ப்ராசஸ்கள் விடுபடும். எழுதாமல் மெமரியில் நின்ற டேட்டா இழப்புதான். இதை அப்ளிகேஷன் குழுவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிறகு யூமவுண்ட், எல்விஎம், மேப், பாத் என்று அதே வரிசை.

கிளவுடிலும் இதே பிரச்சினைதான். அமேசானில் இபிஎஸ் வால்யூம் (கிளவுட் டிஸ்க்) ‘டிடாச்சிங்’ என்றே நின்றால், பெரும்பாலும் உள்ளே யூமவுண்ட் ஆகவில்லை. ‘ஃபோர்ஸ் டிடாச்’ பட்டனுக்கு முன் சர்வருக்குள் போய் 3, 4-ஆம் படிகளைச் செய்யுங்கள். ஃபோர்ஸ் கொடுத்தால் கேஷில் நிற்பதை எழுத ஓஎஸ்ஸுக்கு வாய்ப்பே கிடைக்காது.

எதுவும் எடுபடவில்லை என்றால் ரீபூட். அதற்கு முன் எஃப்எஸ்டேபில் அந்த வரி கமென்ட் ஆகியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள், இல்லையென்றால் எமர்ஜென்சி மோடில்தான் எழும். மற்ற ஃபைல் சிஸ்டங்களில் ஓடும் அப்ளிகேஷன்களைக் கையால் நிறுத்தி, அவற்றை யூமவுண்ட் செய்துவிடுங்கள். சாதாரண ரீபூட் கட்டளை நடுவழியில் நின்றுபோகலாம், ஏனென்றால் அணைவதற்கு முன் இறந்துபோன அந்த /டேட்டாவையும் யூமவுண்ட் செய்ய சிஸ்டம்டி முயன்று காத்திருக்கும். சர்வரின் மேனேஜ்மென்ட் கன்சோலை முன்பே திறந்து, லாகின் செய்து, பவர் ரீசெட் பட்டன் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு ரீபூட் கொடுங்கள்.